டன்பிளேன்: ஓர் அமைதியான ஊர் கண்ட துயரமும் அது விட்டுச்சென்ற படிப்பினையும்



நாளிதழ்களில் பெயர் அடிபடாத ஊர்கள் உலகில் ஏராளம். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே செல்வார்கள்; கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் பாட்டனாரையும் தெரிந்திருக்கும்; இரவில் வாசற்கதவு தாழிடப்பட்டதா என்று எவரும் எழுந்து பார்ப்பதில்லை. அத்தகைய ஊரில் வாழ்வோர், "இங்கெல்லாம் அப்படி எதுவும் நடக்காது" என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரே காலைப்பொழுதில் தகர்ந்துபோன ஊர்களும் வரலாற்றில் உண்டு. அவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்து நாட்டின் டன்பிளேன். அவ்வூருக்கு நேர்ந்தது என்ன, அதற்கு முன் கவனிக்கத் தவறியவை எவை, அதன் பின் அவ்வூர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம். கடல் கடந்த ஊராயினும், பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் அந்தத் துயரம் அந்நியமானதன்று.

ஊரின் பழமை

ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், ஸ்டிர்லிங் நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில், ஆலன் என்னும் ஆற்றின் கரையில் டன்பிளேன் அமைந்துள்ளது. பிளேன் என்னும் பழங்காலத் துறவியின் பெயரால் இவ்வூர் அழைக்கப்படுகிறது. ஆற்றங்கரை மேட்டில் உள்ள பேராலயத்தின் பெரும்பகுதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் அருகிலேயே, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் ராபர்ட் லெய்ட்டனின் நூல்களைப் பாதுகாப்பதற்கென எழுப்பப்பட்ட பழம்பெரும் நூலகமும் உள்ளது. 1715-ஆம் ஆண்டு நவம்பரில் ஊருக்கு அருகிலுள்ள ஷெரிஃப்மூர் மேட்டுநிலத்தில் ஒரு போர் நடைபெற்றது. அதன் பின்னர் ஏறத்தாழ 280 ஆண்டுகள் இவ்வூரின் பெயர் உலகின் காதுகளில் விழுந்ததே இல்லை எனலாம்.

1990-களில் அங்கு ஏழெட்டாயிரம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பலர் ஸ்டிர்லிங், கிளாஸ்கோ, எடின்பர்க் ஆகிய நகரங்களுக்குத் தொடர்வண்டியிலும் மகிழுந்திலும் சென்று பணிபுரிந்து மாலையில் வீடு திரும்புவோர். நல்ல காற்று, நல்ல பள்ளி, பயமற்ற தெரு ஆகியவற்றை நாடியே இளம் குடும்பங்கள் அங்குக் குடியேறின. அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர் என்பதிலிருந்தே, அது பிள்ளைகளை மையமாகக் கொண்ட ஊர் என்பது விளங்கும்.

1996 மார்ச் 13

அன்று புதன்கிழமை. குளிர் இன்னும் விலகாத காலை. ஸ்டிர்லிங்கில் வசித்த 43 வயதுடைய ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளையும் எழுநூறுக்கும் மேற்பட்ட தோட்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டன்பிளேன் தொடக்கப் பள்ளிக்கு வந்தான். பள்ளியின் தொடர்பைத் துண்டிக்கும் எண்ணத்தில் போலும், வெளியே இருந்த தொலைபேசிக் கம்பத்தின் கம்பிகளை முதலில் வெட்டினான். ஆனால் அவை அக்கம்பக்கத்து வீடுகளுக்குரிய கம்பிகள். பின்னர் பக்கவாசல் வழியே உள்ளே நுழைந்து உடற்பயிற்சிக் கூடத்தை அடைந்தான்.

அவ்வேளையில் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர் உடற்பயிற்சி வகுப்பிற்காகக் கூடியிருந்தனர். ஐந்து, ஆறு வயதே நிரம்பிய பிஞ்சுகள். உடன் மூன்று பெண் பணியாளர்கள் இருந்தனர். மூன்று நான்கு நிமிடங்களுக்குள் அனைத்தும் முடிந்துபோயிற்று. 16 பிள்ளைகளும் அவர்களது வகுப்பாசிரியையும் உயிரிழந்தனர். மேலும் 15 பேர் காயமுற்றனர். தாமே குண்டடி பட்ட நிலையிலும் மற்ற இரு பணியாளர்களும் காயமுற்ற சில பிள்ளைகளுடன் பொருட்கள் வைக்கும் அறைக்குள் ஒதுங்கினர். கொலைகாரன் இறுதியில் தன்னையே சுட்டுக்கொண்டு மாண்டான்.

அவன் பெயரை இங்கு எழுத நாம் விரும்பவில்லை. துக்கத்திற்குரிய அப்பிள்ளைகளின் பெயர்களை உலகம் மறந்து, கொன்றவன் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பது முறையன்று. அவன் பெயர் இல்லாமலேயே இவ்வரலாற்றை முழுமையாகச் சொல்ல முடியும்.

செய்தி பரவியதும் பெற்றோர் பள்ளி வாசலை நோக்கி ஓடினர். எந்த வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. உண்மை தெரியும்வரை காத்திருந்த அந்த நேரத்தின் வேதனையை எழுத்தில் வடிக்க இயலாது. சிலர் தம் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு வீடு திரும்பினர். சிலர் வெறுங்கையுடன் திரும்பினர். இரு சாராரும் ஒரே தெருவில் வாழ்பவர்கள்! ஒரு சிற்றூரில் இத்தகைய குற்றம் நிகழும்போது ஏற்படும் தனித்துவமான துன்பம் இதுவே. பெருநகரத்தில் இறந்தவர் முன்பின் அறியாதவராக இருக்கலாம். சிற்றூரிலோ ஒவ்வொரு வீடும் துக்க வீடாகிவிடுகிறது.

இரண்டு நாட்களுக்குப் பின், பிரதமர் ஜான் மேஜரும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி பிளேரும் அரசியல் வேற்றுமையை ஒதுக்கிவைத்து ஒன்றாகவே டன்பிளேனுக்கு வந்தனர். மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் அன்று அன்னையர் தினம். அரசி இரண்டாம் எலிசபெத் தம் மகளுடன் அவ்வூருக்கு வருகை தந்தார். நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. பிள்ளைகள் கையால் வாழ்த்து மடல் பெறவேண்டிய நாளில் அத்தாய்மார்கள் எந்நிலையில் இருந்திருப்பார்கள் என்பதை நம் தாய்மார்கள் நன்கு உணர்வார்கள்.

முன்னரே ஒலித்த எச்சரிக்கைகள்

இத்தகைய கொடுமைக்குப் பின் "திடீரென நடந்துவிட்டது" என்று மக்கள் சொல்வது இயல்பு. ஆனால் அரசு நியமித்த விசாரணை வேறொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. ஸ்காட்லாந்தின் மூத்த நீதிபதி லார்ட் கல்லன் தலைமையில் 1996 மே இறுதி முதல் ஜூலை வரை ஸ்டிர்லிங் நகரில் அவ்விசாரணை நடைபெற்றது. அவரது அறிக்கை அக்டோபர் 16 அன்று வெளியாயிற்று. அதைப் படிப்போருக்கு நெஞ்சு கனக்கும். ஏனெனில் எச்சரிக்கை மணி ஒருமுறையன்று, இருபதாண்டுகளுக்கும் மேலாக ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

1974-இல், சாரணர் இயக்கத்தில் துணைப் பொறுப்பில் இருந்த அவனை, சிறுவர்களை அழைத்துச்சென்ற பயணங்களில் அவன் நடந்துகொண்ட விதம் குறித்த புகார்களால் இயக்கம் வெளியேற்றியது. பின்னர் அவன் தானே சிறுவர் மன்றங்களைத் தொடங்கினான். பள்ளிக் கூடங்களை வாடகைக்கு எடுத்து, சிறுவர்களுக்கு உடற்பயிற்சியும் விளையாட்டும் கற்பித்தான். சந்தேகம் கொண்ட உள்ளாட்சி அமைப்பு 1983-இல் ஒரு பள்ளிக்கூடத்தை அவனுக்கு வாடகைக்கு விடுவதை நிறுத்தியது. அவனோ மேலிடத்தில் முறையிட்டான். உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி, தக்க ஆதாரமின்றி அனுமதி மறுக்கப்பட்டதாகக் கூறி அவனுக்குச் சாதகமாகவே முடிவளித்தார். பெற்றோர்களில் ஒரு சாரார் அவனுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டும் கொடுத்தனர்.

1988-லும் 1991-லும் அவன் நடத்திய கோடை முகாம்களைப் பற்றிக் காவல்துறைக்குப் புகார்கள் சென்றன. விசாரணைகள் நடந்தன. வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரமில்லை என அவை கைவிடப்பட்டன. 1991 நவம்பரில், அம்முகாமை விசாரித்த காவல் அதிகாரி ஒருவர், இம்மனிதன் நிலையான மனமுடையவன் அல்லன், இவனுடைய துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்வது குறித்துச் சிந்திக்க வேண்டும் எனத் தம் மேலதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். அந்தக் குறிப்பு மேலே சென்றது; நடவடிக்கை ஏதுமின்றிக் கோப்பில் தங்கியது. 1992-இலும் 1995-இலும் அவனது உரிமம் புதுப்பிக்கப்பட்டது. 1977 முதலே அவன் கையில் இருந்த அந்த உரிமத்தைக் கொண்டுதான், படுகொலைக்கு முந்தைய சில மாதங்களில் அவன் புதிய துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சட்டப்படியே வாங்கினான்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். சாரணர் இயக்கத்திற்கு ஒரு துண்டு உண்மை தெரியும். உள்ளாட்சிக்கு ஒரு துண்டு தெரியும். காவல்துறையின் ஒரு பிரிவுக்கு மற்றொரு துண்டு தெரியும். சில பெற்றோருக்கு மனதில் உறுத்தல் இருந்தது. தம் பிள்ளையை மட்டும் மன்றத்திலிருந்து நிறுத்திக்கொண்டு அமைதியானார்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. அவன் மீது எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும் உண்மை. வெறும் வதந்தியால் ஒருவரைத் தண்டிப்பது அநீதி என்பதும் உண்மை. ஆனால் ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பதற்குத் தேவைப்படும் ஆதாரம் வேறு; அவர் கையில் கொலைக்கருவியையும் அவர் பொறுப்பில் பிள்ளைகளையும் ஒப்படைக்கலாமா என்று முடிவெடுக்கும்போது காட்டவேண்டிய எச்சரிக்கை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே டன்பிளேனில் நேர்ந்த பெரும்பிழை.

கண்ணீரிலிருந்து சட்டம் வரை

இதற்கு முன்பே இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு என்னும் சிறிய சந்தையூரில், 1987 ஆகஸ்ட் 19 அன்று ஒருவன் 16 பேரைச் சுட்டுக்கொன்றிருந்தான். அவனிடம் இருந்தவையும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளே. அதன் விளைவாக 1988-இல் வந்த சட்டம், தானியங்கி முறையில் அடுத்தடுத்துச் சுடும் ரைஃபிள்களைப் பெரும்பாலும் தடை செய்தது. ஆனால் கைத்துப்பாக்கிகளைத் தொடவில்லை. ஹங்கர்ஃபோர்டு கொலைகாரன் கைத்துப்பாக்கியையும் பயன்படுத்தியிருந்தான் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. பாதி கற்ற பாடத்தின் விலையை ஒன்பது ஆண்டுகள் கழித்து டன்பிளேன் செலுத்தியது.

இம்முறை அவ்வாறு விடக்கூடாது என டன்பிளேன் மக்களும் அவர்களது நண்பர்களும் உறுதிபூண்டனர். தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை முற்றாகத் தடை செய்யக் கோரி மனு ஒன்றைத் தொடங்கினர். மார்ச் மாதக் குளிரில் அங்குப் பூத்திருந்த ஸ்நோடிராப் என்னும் சிறு வெண்மலரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியோர் அரசியல்வாதிகள் அல்லர். சாதாரண இல்லத்தரசிகளும் அலுவலர்களும் பெற்றோரும் ஆவர். இணையம் பரவாத அக்காலத்தில், சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அம்மனுவில் கையெழுத்திட்டனர். 1996 ஜூலையில் அது நாடாளுமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. துப்பாக்கி சுடும் சங்கங்கள், "ஒருவன் செய்த குற்றத்திற்குச் சட்டத்தை மதிக்கும் ஆயிரக்கணக்கானோரைத் தண்டிப்பதா?" என வினவின. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் பெரும்பான்மையினர் முழுத்தடை தேவையில்லை என்றே கூறினர். லார்ட் கல்லனும் முழுத்தடையை நேரடியாகப் பரிந்துரைக்கவில்லை. கைத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தாத வேளையில் செயலிழக்கச் செய்து வைக்கலாம், அது இயலாதாயின் தனிநபர் வைத்திருப்பதைத் தடை செய்வது பற்றி ஆராயலாம் என்றார். ஆயினும் மக்களின் குரல் அதனினும் வலிமையாக ஒலித்தது. அவ்வூர் அமைந்த தொகுதியின் உறுப்பினரும் ஸ்காட்லாந்துக்கான அமைச்சருமான மைக்கேல் ஃபோர்சைத் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். டன்பிளேனிலேயே குடியிருந்த ஜார்ஜ் ராபர்ட்சன் எதிர்க்கட்சியின் முன்னணித் தலைவர். இருவரும் துயரத்தை அருகிருந்து கண்டவர்கள்.

1997-இன் தொடக்கத்தில் ஜான் மேஜர் அரசு கொண்டுவந்த சட்டம், .22 அளவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அவ்வாண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த டோனி பிளேர் அரசு, எஞ்சிய .22 வகையையும் தடை செய்யும் இரண்டாம் சட்டத்தை நிறைவேற்றியது. வட அயர்லாந்து தவிர்த்த பிரிட்டனில், மிகச்சில விதிவிலக்குகள் நீங்கலாக, தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அத்துடன் முடிவுக்கு வந்தது. இழப்பீடு பெற்றுக்கொண்டு 1,60,000-க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை மக்கள் காவல்நிலையங்களில் ஒப்படைத்தனர். ஒலிம்பிக் போட்டிக்குப் பயிற்சி பெறும் வீரர்கள் கூட வெளிநாடு சென்று பயில வேண்டிய நிலை உண்டாயிற்று. அந்த இழப்பையும் ஏற்றுக்கொள்ள அச்சமுதாயம் முன்வந்தது.

சட்டம் வந்ததால் குற்றமே ஒழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2010-இல் கம்ப்ரியா பகுதியில் 12 பேரும், 2021-இல் பிளிமத் நகரில் ஐவரும், உரிமம் பெற்ற வேறுவகைத் துப்பாக்கிகளுக்குப் பலியாயினர். பிளிமத்தில் திரும்பப் பெற்ற துப்பாக்கியையும் உரிமத்தையும் காவல்துறையே மீண்டும் ஒப்படைத்திருந்தது என்பது, பழைய பிழை எவ்வளவு எளிதாகத் திரும்பி வரும் என்பதற்குச் சான்று. எனினும் டன்பிளேனுக்குப் பின் பிரிட்டனின் எந்தப் பள்ளியிலும் அத்தகைய துப்பாக்கிப் படுகொலை நிகழவில்லை. பள்ளி வாசல்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் வந்தன. பிள்ளைகளோடு பணிபுரிவோரின் பின்னணியை ஆராயும் முறையும் படிப்படியாகச் சட்டமாக்கப்பட்டது.

ஊர் மீண்டும் வாழ்ந்த விதம்

துயரம் நிகழ்ந்து பத்து நாட்களுக்குள் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. அந்த உடற்பயிற்சிக் கூடம் ஏப்ரலில் இடித்து அகற்றப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் ஒரு தோட்டம் அமைந்தது. ஊர் மயானத்திலும் நினைவுத் தோட்டம் உருவானது. பேராலயத்தினுள் கல்லால் ஆன நினைவுச்சின்னம் ஒன்று நிறுவப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த நன்கொடையிலிருந்து 2004-இல் 'டன்பிளேன் சென்டர்' என்னும் இளைஞர் மன்றம் கட்டப்பட்டது. பிள்ளைகளை இழந்த ஊர், எஞ்சிய பிள்ளைகள் ஆடிப்பாடி மகிழ ஓரிடம் கட்டியது. துக்கத்திற்கு இதனினும் உயர்ந்த மறுமொழி வேறென்ன இருக்க முடியும்?

அந்த நாளில் அப்பள்ளியில் பயின்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவனும் அவனுடைய அண்ணனும் உயிர்தப்பினர். அச்சிறுவன்தான் ஆண்டி மரே; அண்ணன் ஜேமி மரே. ஆண்டி 2013 ஜூலை 7 அன்று விம்பிள்டன் டென்னிஸ் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 77 ஆண்டுகளுக்குப் பின் அப்பட்டத்தை வென்ற முதல் பிரிட்டானிய ஆடவர் அவரே. 2015 ஏப்ரலில் அவரது திருமணம் டன்பிளேன் பேராலயத்தில் நடைபெற்றபோது, தெருவெங்கும் ஊர்மக்கள் திரண்டு வாழ்த்தினர். 1996 அக்டோபரில் எந்த ஆலயத்தில் நினைவுக்கூட்டம் நடத்தி அழுதார்களோ, அதே ஆலய வாசலில் அவர்கள் மகிழ்ந்து நின்றார்கள். அழுகையை மறந்ததனால் அன்று; அதனைச் சுமந்துகொண்டே மகிழவும் கற்றுக்கொண்டதனால்.

2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் பார்க்லாந்து நகர உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். டன்பிளேனிலும் கொலைகாரன் நீங்கலாக இறந்தோர் 17 பேரே. மறுமாதம், டன்பிளேனில் உறவுகளை இழந்தோரும் உயிர்பிழைத்தோரும், துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரிப் போராடிய பார்க்லாந்து மாணவர்களுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் தம் துயரத்தைப் பிறர் துயரோடு பகிர்ந்துகொள்ள அவர்கள் தயங்கவில்லை.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது, ஊரின் அமைதி தானே காத்துக்கொள்ளும் ஒன்றன்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கிறோம் என்ற எண்ணமே சில வேளைகளில் நம் கண்களை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, மனதில் உறுத்தல் எழும்போது தம் பிள்ளையை மட்டும் காத்துக்கொண்டு ஒதுங்குவது போதாது. வதந்தி பரப்புவது பாவம். ஆனால் கண்டதை, கேட்டதை உரிய பொறுப்பாளரிடம் முறையாகத் தெரிவிப்பது கடமை. அதனைக் கேட்டுப் பதிவுசெய்து, பிற துண்டுகளோடு சேர்த்துப் பார்ப்பது பொறுப்பாளர்களின் கடமை.

மூன்றாவது, பிள்ளைகளை எவர் பொறுப்பில் விட்டாலும், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசுபவராயினும், விசாரித்து அறிந்த பின்னரே விட வேண்டும். இது அவமதிப்பன்று, அமானிதத்தைப் பேணுவதாகும். பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் விளையாட்டு மன்றத்திற்கும் இது பொருந்தும்.

நான்காவது, துயரம் நேர்ந்தபின் ஓர் ஊர் பழிவாங்கும் வெறியிலோ முடிவற்ற அச்சத்திலோ மூழ்கிவிடலாம்; அல்லது அடுத்த ஊரின் பிள்ளைகளையாவது காப்போம் என்று எழுந்து நிற்கலாம். டன்பிளேன் மக்கள் எழுந்து நின்றார்கள்.

இன்று அவ்வூருக்குச் செல்வோர் ஆற்றையும் பழைய ஆலயத்தையும் பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளையும் காண்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தின் முடிவில் அங்கே அச்சிறு வெண்மலர்கள் பூக்கின்றன. இறந்த பிள்ளைகள் உயிருடன் இருந்திருந்தால் இந்நேரம் தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அப்பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வயதை எட்டியிருப்பார்கள். இந்த எண்ணம் நம் உள்ளத்தில் நிற்குமானால், நாளைக் காலை நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது ஒரு கணம் கூடுதலாக அவர்களைப் பார்ப்போம்; அவர்கள் செல்லும் இடத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்போம்.